உறையும் எண்ணெயும் உருகும் இனிப்பும்

மார்கழி, தை மாதங்களில் மலைநாட்டு லயங்களிலே விடியற்காலையில் காணும் காட்சி ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் புறப்படும் பிள்ளைக்குத் தலைவாரிவிடத் தாய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கவிழ்ப்பாள். ஒரு துளியும் விழாது. நேற்றுப் பகலில் நீராய் ஓடிய தேங்காயெண்ணெய் இரவுக் குளிரில் வெண்மெழுகாய் இறுகிக் கிடக்கும். அடுப்பங்கரையில் அதைச் சற்றுநேரம் வைத்து, உருகிய பின்னரே உள்ளங்கையில் ஊற்றிக்கொள்வாள். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வாழ்வோர்க்கு இது வியப்பு. டயகமவில் வாழ்வோர்க்கு இது அன்றாடம்.

இந்த அன்றாட நிகழ்ச்சிக்குள் ஒரு சாத்திரம் அடங்கியிருக்கிறது. உலகத்துச் சிறுவரெல்லாம் நாவூறி நிற்கும் சொக்கலேட் என்னும் இனிப்பின் சாத்திரமும் அதுவே. குளிரில் இறுகி வெப்பத்தில் உருகும் ஒரு கொழுப்பு, அதனுள் கலந்த கொக்கோத் தூள், அதனோடு சேர்ந்த சீனி, வேண்டுமாயின் பால். சொக்கலேட் என்பது இவ்வளவே. கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், மினுங்கும் தாளுக்குள் ஒளிந்திருப்பதால், அது ஏதோ பெரிய ஆலைகளுக்கும் பெரிய மனிதருக்கும் மட்டுமே உரிய மருமம் என்று நம்மவர் எண்ணிவிட்டனர். அவ்வெண்ணம் பிழை என்பதையும், போறணையோ குளிர்சாதனப் பெட்டியோ இல்லாத ஒரு லயத்துக் காம்பராவிலே அதனைச் செய்துகொள்ள இயலும் என்பதையும் இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

குளிர் என்னும் செல்வம்

தலவாக்கலையில் இருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாகச் செல்லும் மலைப்பாதையின் கோடியிலே டயகம இருக்கிறது. அதற்கு அப்பால் ஓட்டன் சமவெளியின் காடுகளே. அக்காடுகளில் இருந்து இறங்கிவரும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவாகி, முடிவில் மகாவலியோடு கலக்கிறது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ ஐயாயிரம் அடிக்கு மேலே அமைந்த ஊர். அயலிலுள்ள நுவரெலியா நகரின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். மார்கழி, தை இரவுகளில் அது இன்னும் எவ்வளவோ கீழே இறங்கும்.

இக்குளிரை நாம் பெரும்பாலும் துன்பமாகவே அறிவோம். போதிய கம்பளியின்றி நடுங்கும் முதியோர், மூடுபனிக்குள் கொழுந்துக்கூடை சுமந்து மலையேறும் பெண்கள், சளியும் இருமலுமாய்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஆகியோரே குளிர் என்றவுடன் நம் கண்முன் நிற்பர். அது பொய்யன்று. ஆயினும் அதே குளிர், சமவெளி மக்கள் மின்சாரக் கட்டணம் செலுத்திப் பெறும் ஒரு பயனை மலைநாட்டானுக்கு இலவசமாய் வழங்குகிறது என்பதும் மெய்யே.

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உருகும். பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் உருகும். கொக்கோ விதையிலே இயல்பாய் உள்ள கொழுப்பாகிய கொக்கோ வெண்ணெய், நன்கு பதப்படுத்தப்பட்ட சொக்கலேட்டில் ஏறத்தாழ 34 பாகையில் உருகும். மனித உடலின் வெப்பமோ 37 பாகை. ஆகவேதான் கையிலே கட்டியாய் இருக்கும் சொக்கலேட் நாவிலே பட்டவுடன் கரைந்து வழிகிறது. நாவுக்குச் சற்றே குறைந்த வெப்பத்தில் உருகும் இந்தப் பண்பு ஒன்றே அதன் பெருமையெல்லாம். யாழ்ப்பாணத்து வெயிலிலும் மட்டக்களப்பு வெக்கையிலும் இக்கொழுப்புகளை இறுக்க ஒரு பெட்டி வேண்டும். டயகமவில் இஸ்டோப்புத் திண்ணையே அந்தப் பெட்டி.

கொக்கோ வந்த வழி

கொக்கோ மரத்துக்குச் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் சூட்டிய இலத்தீன் பெயரின் பொருள் ‘தேவர்தம் உணவு’ என்பது. மத்திய அமெரிக்காவின் பழங்குடி மக்கள் அதனைக் கசப்பான பானமாகவே அருந்தினர். ஐரோப்பியர் அதிலே சீனி கலந்தனர். 1828ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் வான் ஹூட்டன் குடும்பத்தார் கொக்கோவைப் பிழிந்து, கொழுப்பை வேறாகவும் தூளை வேறாகவும் பிரிக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். இன்று கடையிலே நாம் வாங்கும் கொக்கோத் தூள் அந்தப் பிழிவின் பிள்ளை. 1847இல் இங்கிலாந்தின் ஃபிரை நிறுவனத்தார், தூளையும் சீனியையும் மீண்டும் அக்கொழுப்போடு கூட்டிக் கடித்துத் தின்னும் கட்டியாக வார்த்தனர். 1875இல் சுவிற்சர்லாந்தின் டானியல் பீற்றர் அதனுள் பாலையும் சேர்த்தார். அரை நூற்றாண்டுக்குள் குடிபானம் தின்பண்டமாயிற்று.

இலங்கையின் கதையிலும் கொக்கோவுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1869ஆம் ஆண்டில் இத்தீவின் கோப்பிச் செடிகளைப் பற்றிய இலைத்துரு நோய், சில ஆண்டுகளுள் கோப்பித் துரைமாரின் செல்வத்தை அழித்தது. அவர்கள் சிங்கோனாவை நட்டுப் பார்த்தனர். கொக்கோவை நட்டுப் பார்த்தனர். ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரவில் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலையையும் நட்டுப் பார்த்தனர். உயர்ந்த மலைகளைத் தேயிலை கைப்பற்றியது. வெப்பமும் ஈரமும் நிழலும் வேண்டிய கொக்கோ, மாத்தளை, தும்பறை முதலிய தாழ்ந்த பகுதிகளில் நிலைகொண்டது. அப்பகுதித் தோட்டங்களிலும் தென்னிந்தியாவில் இருந்து வந்த நம்மவர் உழைத்தனர். கண்டியை அடுத்த குண்டசாலையில் கண்டோஸ் என்னும் பெயரில் சொக்கலேட் ஆக்கும் தொழிற்சாலையும் பின்னாளில் எழுந்தது.

இங்கே ஒரு விந்தை கவனிக்கத்தக்கது. டயகமவின் குளிரில் கொக்கோ மரம் வளராது. ஆனால் சொக்கலேட் தானே இறுகும். கொக்கோ செழித்து வளரும் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் சொக்கலேட் கையிலேயே உருகிவிடும். மரம் ஓரிடத்தில், அதன் பயன் வேறோர் இடத்தில். தோட்டப் பயிர்கள் அனைத்தின் தலைவிதியும் ஏறக்குறைய இதுவே. உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் அவ்விரு நாடுகளில் விளைகிறது. அங்கே அதனைப் பறித்து, புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தும் சிற்றுழவர் பலர் சொக்கலேட்டைச் சுவைத்தே அறியாதவர்கள். கொழுந்து பறிக்கும் நம் பெண்களோ பால் கலவாத சாயத்தண்ணீரை, உள்ளங்கையிலே வைத்த சிறிது சீனியை நக்கிக்கொண்டு, குடித்து வாழ்ந்தவர்கள். நல்ல தேயிலை கப்பலேறியது. தூசித் தேயிலை லயத்துக்கு வந்தது. இருவரும் ஒருவரையொருவர் காணாதவர். ஆயினும் ஒரே கதையின் இரு பாத்திரங்கள்.

ஆபிரிக்கத் தீவாகிய சாவோ தோமேயில் அடிமைகளைப் போல் மனிதரை வாட்டிக் கொக்கோ விளைவித்த கொடுமையை, ஹென்றி நெவின்சன் என்னும் பத்திரிகையாளர் 1906ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதன்பின் 1909இலேயே காட்பரி முதலிய ஆங்கில நிறுவனங்கள் அத்தீவின் கொக்கோவை வாங்குவதை நிறுத்தின. ஓர் எழுத்தாளனின் பேனா ஓர் இனிப்பின் பின்னாலிருந்த கசப்பை உலகறியச் செய்ததற்கு இது சான்று.

பங்களாக் குசினியும் லயத்து அடுப்பும்

தோட்டத்திலே இரண்டு சமையலறைகள் இருந்தன. ஒன்று துரையின் பங்களாக் குசினி. அங்கே இரும்பு அடுப்பும் போறணையும் இருந்தன. கேக்கும் புடிங்கும் வெந்தன. மற்றது லயத்துக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது அதன் பழைய அளவு. அதன் ஒரு மூலையிலோ முன்னாலுள்ள இஸ்டோப்பிலோ விறகடுப்பு. புகை போக வழியில்லை. அங்கே றொட்டி சுட்டார்கள், சோறு வடித்தார்கள், தீபாவளி வந்தால் முறுக்குப் பிழிந்தார்கள், அதிரசம் சுட்டார்கள். அக்கைப்பக்குவம் எந்தப் பங்களாவுக்கும் குறைந்ததன்று. ஆனால் போறணையில் வேகும் பண்டம் எதுவும் அங்கே பிறக்க வழியிருக்கவில்லை.

ஆகவே கேக், புடிங், சொக்கலேட் என்பவற்றை நம் பெண்கள் கற்ற இடம் பிறர்வீட்டுச் சமையலறையாயிற்று. பங்களாவிலும், பின்னர் கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் வீடுகளிலும் வேலைக்கு நின்று, பிறர் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பண்டம் செய்து கொடுத்துக் கற்றனர். செய்தவளுக்குக் கிடைத்தது பாத்திரத்தின் அடியிலே ஒட்டியிருந்த மிச்சம். இத்துயரின் உச்சத்தை 2021ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நாடு கண்டது. கொழும்பிலே ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற டயகமச் சிறுமி ஒருத்தி எரிகாயங்களால் உயிரிழந்த செய்தி அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. அதுகாறும் டயகம என்னும் பெயரைக் கேட்டறியாதோரும் அன்று கேட்டனர். அந்த ஆண்டிலேதான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நெடும் போராட்டத்தின்பின் ஆயிரம் ரூபாவாயிற்று. 2024இல் அது 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு நல்ல சொக்கலேட் கட்டி அச்சம்பளத்தில் எத்தனை பங்கைக் கேட்கும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இத்தகைய பெரிய துயரங்களுக்கு ஓர் இனிப்பு மருந்தாகுமா என்று கேட்கலாம். ஆகாது. எனினும், ஒரு பெண்பிள்ளை ஒரு கலையைத் தன் தாயின் அடுப்பங்கரையிலே, தன் தம்பி தங்கையருக்காகக் கற்பதற்கும், பிறர் வீட்டிலே ஏவலின்கீழ்க் கற்பதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை உணர்ந்தவர்கள் பின்வரும் செய்முறைகளை வெறும் தின்பண்டக் குறிப்பென்று ஒதுக்கமாட்டார்கள்.

முதலாவது: எண்ணெய்ச் சொக்கலேட்

இது டயகமவுக்கென்றே அமைந்தது போன்ற பண்டம். தேங்காயெண்ணெய் 100 கிராம், கொக்கோத் தூள் 50 கிராம், இடித்துச் சலித்த சீனி 75 கிராம், பால்மா 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை ஆகியவை வேண்டும். எண்ணெய் புதியதாகவும் காறல் வாடையின்றியும் இருத்தல் அவசியம்.

ஒரு சட்டியில் நீரைக் கொதிக்கவைத்து அடுப்பில் இருந்து இறக்குக. அதன்மேல் ஒரு கிண்ணத்தை வைத்து எண்ணெயை அதில் ஊற்றுக. நேரே தீயின்மேல் வைத்தால் கொக்கோ கருகிக் கசக்கும். நீராவியின் மேல் வைத்தால் அந்த அச்சமில்லை. மலையிலே காற்றின் அழுத்தம் குறைவாதலால் நீர் 100 பாகையில் அன்றி ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கிறது என்பதும் இங்கே நமக்குத் துணை. எண்ணெய் உருகித் தெளிந்ததும் கொக்கோ, சீனி, பால்மா, உப்பு ஆகியவற்றைச் சலித்துச் சிறிது சிறிதாய்ச் சேர்த்து, கட்டியின்றிக் கலக்குக.

இதிலே இரண்டு விதிகள் உள. சீனியைத் தூளாக்கியே சேர்க்கவேண்டும். ஏனெனில் சீனி நீரில் கரையுமேயன்றி எண்ணெயில் கரையாது. கற்கண்டுபோல் இருந்தால் பல்லிலே நறநறக்கும். இரண்டாவது விதி, ஒரு துளி நீரும் படலாகாது. நீர் பட்டால் சீனியும் கொக்கோவும் அதைப் பற்றிக்கொண்டு திரண்டு, எண்ணெயைப் பிரித்துவிடும். ஈரக் கரண்டியாலே கெட்ட சொக்கலேட்டுகள் உலகில் மிகப் பல.

கலவை கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை இடையிடையே கிளறுக; இல்லையேல் தூள் அடியில் தங்கிவிடும். பின்னர் எண்ணெய்த்தாள் விரித்த தட்டிலே அரை அங்குலக் கனத்தில் ஊற்றி, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையைத் தூவுக. தட்டை மூடி, அடுப்பங்கரையை விட்டு விலக்கி, குளிர்ந்த இடத்தில் இரவு முழுவதும் வைத்தால் விடியலில் கத்தியால் துண்டிடலாம். எறும்பு வராதிருக்கத் தட்டின் அடியிலே நீர் நிரப்பிய பாத்திரம் ஒன்றை வைப்பது நம் பாட்டிமார் அறிந்த உபாயமே. இப்பண்டம் 24 பாகைக்கு மேல் உருகும். ஆகவே டயகமவிலே உண்ணவேண்டியது. அட்டனைத் தாண்டி இறக்கத்திலே கொண்டு செல்ல முயல்வோர் போத்தலில் அடைத்துக்கொண்டு செல்வதே நலம்!

இரண்டாவது: பிஸ்கட் உருண்டை

இது சிறுவரும் செய்யக்கூடியது, அடுப்பே வேண்டாதது. மாரி பிஸ்கட் 200 கிராம், டின்பால் 200 கிராம், கொக்கோத் தூள் மூன்று மேசைக்கரண்டி, உருக்கிய பட்டர் ஒரு மேசைக்கரண்டி, உலர்ந்த தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி ஆகியவற்றை எடுத்துக்கொள்க.

மாரி பிஸ்கட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. உருசிய இளவரசி மரியா இங்கிலாந்து அரசியின் மகனை மணந்த 1874ஆம் ஆண்டில், அத்திருமணத்தின் நினைவாக இலண்டனின் பீக் ஃபிரீன் நிறுவனத்தார் ஆக்கியது அது. அரச மணவிழாவில் பிறந்த அந்தப் பிஸ்கட், ஹின்னி அப்புஹாமி 1954இல் நிறுவிய மலிபன் முதலிய உள்ளூர்த் தொழிற்சாலைகளின் வழியே, இலங்கையின் கடைக்கோடிப் பெட்டிக்கடை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

பிஸ்கட்டைத் துணியில் முடிந்து அம்மிக்குழவியால் தட்டித் தூளாக்குக. முழுவதும் மாவாகிவிடாமல் அங்கங்கே சிறு குறுணை இருந்தால் கடிக்க இதமாயிருக்கும். கொக்கோவைச் சலித்துச் சேர்த்து, பட்டரையும் டின்பாலையும் ஊற்றிப் பிசைக. நெல்லிக்காய் அளவு உருட்டி, தேங்காய்ப்பூவில் புரட்டி, இரண்டு மணிநேரம் குளிரில் வைத்தால் இறுகும். டின்பாலிலே வேண்டிய சீனி ஏற்கெனவே இருப்பதால் வேறு சீனி வேண்டா.

பிஸ்கட் விலை ஏறிய காலத்தில் வீட்டிலே அரிசிமாவைப் பொன்னிறமாய் வறுத்து அதற்குப் பதிலாகச் சேர்க்கலாம். பொரிமாவைச் சீனியோடு பிடித்துண்ணும் வழக்கம் நமக்குப் புதிதன்று; அதிலே கொக்கோ ஒரு விருந்தாளி, அவ்வளவே. ஆனால் வறுக்காத மாவை, அரிசியாயினும் கோதுமையாயினும், இவ்வாறு சேர்த்தல் கூடாது. பச்சை மாவிலே நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். வேகாத பண்டத்தில் அவற்றைக் கொல்லும் வெப்பம் எதுவும் இல்லை.

மூன்றாவது: பிஸ்கட் புடிங்

இலங்கையிலே பிறந்தநாளும் பெருநாளும் இதனையின்றி நிறைவுறுவதில்லை. சிங்களர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்ற வேறுபாடின்றி எல்லோர் வீட்டிலும் இடம்பெற்ற இனிப்பு இது. மாரி பிஸ்கட் 200 கிராம், பட்டர் 100 கிராம், ஐசிங் சீனி 150 கிராம், கொக்கோத் தூள் நான்கு மேசைக்கரண்டி, காய்ச்சி ஆறிய பால் ஒரு கோப்பை, உடைத்து வறுத்த முந்திரிப்பருப்பு அல்லது நிலக்கடலை சிறிது ஆகியவை போதும்.

டயகமக் குளிரில் பட்டர் கல்லாய் இருக்கும். அடுப்புக்கு அருகே அதனைச் சற்று வைத்து இளக்குக, உருகவிடலாகாது. இளகிய பட்டரையும் சீனியையும் மரக்கரண்டியால் வெளிறி நுரைக்கும்வரை அடிக்கவேண்டும். கொக்கோவை மூன்று மேசைக்கரண்டி சுடுபாலில் குழைத்து, நன்றாக ஆறவிட்டுச் சேர்க்கவேண்டும். சூட்டிலே குழைத்தால் கொக்கோவின் மணமும் நிறமும் மலரும். ஆறாமல் சேர்த்தால் பட்டர் உருகிப் பாழாகும். இப்போது ஒவ்வொரு பிஸ்கட்டாகப் பாலில் ஓரிரு நொடி தோய்த்து எடுத்து ஒரு தட்டில் பரப்புக. அதன்மேல் கொக்கோக் கலவையைப் பூசுக. மறுபடியும் பிஸ்கட், மறுபடியும் கலவை. இவ்வாறு நான்கைந்து அடுக்கு வைத்து, மேலே பருப்பைத் தூவி மூடிவைக்கவேண்டும்.

இரவு முழுவதும் அதனைத் தீண்டாதிருத்தலே இதன் நுட்பம். பொழுது விடிவதற்குள் பிஸ்கட் பாலின் ஈரத்தை உறிஞ்சிப் பஞ்சாய் மெதுவாகும், பட்டர் இறுகும், இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கேக்கைப் போல் வெட்டுப்படும். போறணையில் வெப்பம் செய்யும் வேலையை இங்கே ஈரமும் குளிரும் காலமும் சேர்ந்து செய்கின்றன. சிலர் இக்கலவையில் பச்சை முட்டையையும் அடித்துச் சேர்ப்பதுண்டு, அது தவிர்க்கத்தக்கது. பால் சேர்ந்த பண்டமாதலால் அடுத்த நாளிலேயே உண்டு முடித்தல் நன்று.

சில எச்சரிக்கைகள்

தென்மேற்குப் பருவமழை வீசும் வைகாசி முதல் ஆவணி வரையிலான மாதங்களில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே உலவும். சீனி அந்த ஈரத்தை இழுத்து, இனிப்பின் மேற்புறத்தைப் பிசுபிசுப்பாக்கும். அக்காலத்தில் இறுக்கமான மூடியுள்ள டப்பாவிலே வைக்கவேண்டும். கடையில் வாங்கிய சொக்கலேட்டை உருக்கி வார்த்தால் சில நாளில் அதன்மேல் வெண்படலம் படரக்கூடும். அது பூஞ்சணம் அன்று. ஒழுங்காகப் பதப்படுத்தாது இறுகிய கொழுப்பு மேலே வந்து படிந்ததேயாகும். உண்பதால் தீங்கில்லை.

பொட்டலத்தின் எழுத்தைப் படித்து வாங்கும் பழக்கமும் வேண்டும். மேற்கு ஆபிரிக்காவில் மழைக்கேடும் மரநோயும் வந்து விளைச்சல் குன்றியதால், 2024 டிசெம்பரில் நியூயோர்க் சந்தையில் ஒரு தொன் கொக்கோ 12,000 டொலருக்கும் மேலாக விற்றது. அத்தகைய காலங்களில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக மலிவான வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்த கட்டிகள் சந்தையில் பெருகும். கட்டிக்குக் கொடுக்கும் காசுக்குக் கலப்பில்லாத கொக்கோத் தூளை வாங்கி வீட்டிலே செய்வது பலமுறை இலாபமாகும்.

பாலுக்கு டயகம பிறரைக் கையேந்தவேண்டிய ஊரன்று. தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணை ஒன்று இவ்வூரிலேயே உண்டு. லயங்களிலும் பசு வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்காக நகரத்தார் வரிசையில் நின்றதை மறந்தோமல்லோம். கையிலுள்ள பாலின் அருமையை அன்றாவது உணர்ந்திருப்போம். ஆனால் இனிப்பு இனிப்பே; உணவு உணவே. சத்துக் குறைவாலும் நீரிழிவாலும் வருந்துவோர் உள்ள குடும்பங்களில் இவை பெருநாட் பண்டமாக இருக்கவேண்டுமேயன்றி நாட்பண்டமாக ஆகிவிடலாகாது.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

மனைப்பொருளியல் கற்பிக்கும் ஆசிரியைகளும் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். உருகுநிலை, கொதிநிலை, கரைதல், ஈரம் உறிஞ்சல் என்பவற்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளை மனனம் செய்து மறந்துவிடும். ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெயையும் ஒரு கரண்டி கொக்கோவையும் முன்னே வைத்தால் அவள் ஆயுளுக்கும் மறவாள். பூகோள ஆசிரியர் கானாவுக்கும் டயகமவுக்கும் இடையே ஒரு கோடு வரையலாம். 1879ஆம் ஆண்டில் தெத்தே குவாஷி என்னும் கானா நாட்டவர் பெர்னாண்டோ போ தீவில் இருந்து கொண்டுவந்த கொக்கோ விதைகள் ஒரு நாட்டின் முகத்தையே மாற்றிய கதையைச் சொல்லலாம். கேட்கும் பிள்ளைக்குத் தன் பாட்டன் வந்த வழியும் தானே நினைவுக்கு வரும்.

இலக்கிய அன்பர்களுக்கும் ஒரு சொல். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தளித்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் அப்பணியைச் செய்யாதிருந்தால் அவற்றுட் பல பாடியவரோடு மண்ணுக்குள் போயிருக்கும். கைப்பக்குவமும் பாடலைப் போன்றதே. அதுவும் வாய்வழியும் கைவழியும் வந்தது, எழுதிவைக்காவிடில் அழிவது. கோதுமைமா றொட்டிக்கு எந்த அளவு தேங்காய், மாசியோடு இடித்த சம்பலுக்கு எத்தனை மிளகாய், தீபாவளி அதிரசத்துக்குப் பாகு எந்தப் பதம் என்பவற்றை அறிந்த கிழவிகள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் பத்துப் பிள்ளைகள் தத்தம் அம்மாயியிடமும் அப்பாயியிடமும் கேட்டு எழுதிவந்தால், அது ஒரு மக்களின் வரலாற்று நூலாகும். பழைய பக்குவத்தை எழுதும் அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இந்தப் புதிய இனிப்பையும் எழுதிவைக்கட்டும்.

கோப்பியும் கொக்கோவும் தேயிலையும் பிறர் சந்தைக்காக நடப்பட்டவை. அவற்றை நட்டும் பறித்தும் சுமந்தும் இரு நூற்றாண்டு கழித்த மக்களுக்கு, அவற்றின் இனிமையிலே ஒரு பங்கு உண்டு. அது தானமாக வரவேண்டியதன்று. தம் கையால் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டியது. அடுத்த தீபாவளியன்று லயத்துக்கு லயம் செல்லும் பலகாரத் தட்டிலே, முறுக்குக்கும் அதிரசத்துக்கும் பக்கத்தில் ஒரு கரிய துண்டும் இருக்கட்டும். “இதை எந்தக் கடையிலே வாங்கினாய்?” என்று அயல்வீட்டு அக்கா கேட்டால், “நான்தான் அக்கா செய்தேன்” என்று அந்தச் சிறுமி தலைநிமிர்ந்து சொல்லட்டும்.